முழங்கையில் ஒரு ஓட்டை

என் மகள் மொனீக் ஏகப்பட்ட சட்டம் போட்டுத்தான் எங்களைத் தன் வருங்கால மாமியார் வீட்டுக்கு வரச் சொன்னாள். புதுத் துணி உடுத்தக் கூடாது. பெரிய பரிசு எதையும் தூக்கிக்கொண்டு வரக் கூடாது. எந்தப் பொருளுக்கும் விலை கேட்கக் கூடாது, நாமாகச் சொல்லவும் கூடாது. தட்டில் வைத்தது போதவில்லை என்றாலும் இன்னொரு தரம் கேட்கக் கூடாது. அப்பா தன் லாரிகளைப் பற்றிப் பேசவே கூடாது.

"அப்போ நான் எதுக்குத்தான் வாயத் தொறக்கறது? கொட்டாவி விடவா?" என்றார் என் கணவர் ரோலாண்ட்.

"கொட்டாவியையும் கைய வெச்சு மறைச்சுட்டு விடுப்பா," என்றாள் அவள் போனில்.

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஆனால் பெற்றவளுக்குக் குரல் தெரியாதா? பயந்துபோயிருந்தாள்.

நாங்கள் லூயிஸ்டன்காரர்கள், மில் வேலைக்கு வந்து குடியேறிய பிரெஞ்சு ஜனங்கள். என் அம்மாவும் ரோலாண்டின் அம்மாவும் ஒரே துணி மில்லில் வேலை பார்த்தவர்கள். வீட்டுக்குள் பிரெஞ்சு, தெருவில் இறங்கினால் ஆங்கிலம் என்று வளர்ந்தோம். இன்றைக்கு அந்தச் சுற்றுவட்டாரத்தில் எந்த வீட்டு செப்டிக் டேங்க் நிரம்பினாலும் எங்கள் லாரிதான் போகிறது. லாரியின் முதுகில் 'உவெலெட்' என்று எங்கள் குடும்பப் பெயர் ஆள் உயரத்துக்கு எழுதியிருக்கும். ஊரில் அதைப் பார்த்து மூக்கைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறவர்களும் உண்டு, அவர்கள் வீட்டுத் தொட்டி நிரம்பும் நாள் வரைக்கும். பணத்துக்கு எங்களிடம் குறைவில்லை. குளிர்காலத்தில் எங்கள் குளியலறைத் தரைகூடச் சூடாக இருக்கும். மகளைப் பெரிய கல்லூரிக்கு அனுப்பினோம். அங்கேதான் வின்ஸ்லோ லாத்ராப் என்ற பையன் அவளுக்கு அறிமுகமானான்.

வின் நல்ல பையன். அவனைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. அப்பா இல்லை, அம்மா மட்டும்தான். கோடை வந்தால் அந்தக் குடும்பம் கடலோரத்தில், முனையில் இருக்கும் வீட்டுக்கு வந்துவிடும். அவன் கொள்ளுத்தாத்தா காலத்திலிருந்தே அப்படித்தானாம். அம்மாவின் பெயர் மிட்ஸி. எழுபதை நெருங்கும் அந்த அம்மாளின் உண்மைப் பெயர் என்னவென்று இன்றுவரை எனக்குத் தெரியாது. தொட்டிலில் வைத்த செல்லப் பெயரைச் சாகும்வரை விடாத ஜனங்கள் அவர்கள். என் மகளையும் 'மோ' என்று ஆக்கிவிட்டிருந்தார்கள். மொனீக் என்பது அவள் பிறப்பதற்கு முன்பே ரோலாண்ட் யோசித்து வைத்த பெயர்.

கல்யாணத்துக்கு முன்னால் ஜூலை நாலாம் தேதி சுதந்திர தினத்தை ஒட்டி இரண்டு நாள் தங்கிவிட்டுப் போங்கள் என்று கூப்பிட்டார்கள். அந்தக் குடும்பத்தில் தனக்கு ஓர் இடம் கிடைக்குமா என்பது மொனீக்கின் கவலை. அப்படி ஓர் இடம் கிடைத்துவிட்டால் பிறகு அவளிடம் எனக்கு இடம் இருக்குமா என்பது என் கவலை.

மாளிகையாக இருக்கும் என்று எதிர்பார்த்துப் போனோம். பலகைகள் வெளுத்துச் சாம்பல் நிறமாகியிருந்தன. வராந்தாவில் ஒரு படி உளுத்துப்போய், அதைத் தாண்டித்தான் எல்லோரும் ஏறினார்கள். வாசலில் நின்ற காருக்குள் மண்ணும் நாய்முடியும்.

"லொரெய்ன், நாம இவங்களுக்கு ஏதாவது கைமாத்து குடுத்துட்டுப் போகணுமோ?" என்று ரோலாண்ட் என் காதில் கேட்டார்.

மிட்ஸி ஆண்பிள்ளைச் சட்டை ஒன்றைப் போட்டுக்கொண்டு வந்தாள். காலர் நைந்திருந்தது. துணிச் செருப்பில் கட்டைவிரல் வெளியே எட்டிப் பார்த்தது. நானோ, சட்டத்தை மீறி, மடிப்புக் கலையாத புது கவுனில் நின்றேன். அவள் கண் என் மேல் ஒரே ஒரு முறை மேலிருந்து கீழே போய் வந்தது. அப்புறம் அந்தப் பக்கம் வரவே இல்லை. ரோலாண்டும் சட்டத்தை மீறியிருந்தார். லாரி டயர் அளவுக்கு ஒரு தட்டு நிறைய வேகவைத்த இறால் வாங்கி வந்திருந்தார்.

"அடேயப்பா, எவ்ளோ தாராளம்!" என்றாள் மிட்ஸி. தட்டு சமையலறைக்குள் போனது. அதற்குப் பிறகு அதை நாங்கள் கண்ணால் பார்க்கவில்லை.

இரவுச் சாப்பாட்டுக்கு ஆளுக்கு உள்ளங்கை அளவு மீன், கொஞ்சம் பட்டாணி. மது மட்டும் தாராளமாக ஓடியது. மேசையில் நாங்கள் மூவர், வின், மிட்ஸி, அவள் கொழுந்தனார் சிப். அந்த சிப் சிவந்த முகமும் கலகலப்பும் உள்ள மனிதர், எதற்கெடுத்தாலும் சிரிப்பார்.

"ரோலாண்ட், உங்களுக்கு எந்த வேலையில ஈடுபாடு?" என்று அவர் கேட்டார்.

ரோலாண்ட் என்னைப் பார்த்தார். நான் மொனீக்கைப் பார்த்தேன். அவள் முந்திக்கொண்டு, "அப்பா சுற்றுச்சூழல் துறையில இருக்கார், சிப் அங்கிள்," என்றாள்.

"ஓ, பிரமாதம்," என்றார் சிப். அதற்கு மேல் கேட்கவில்லை. ரோலாண்ட் குனிந்து பட்டாணியை முள்கரண்டியால் ஒவ்வொன்றாகக் குத்தினார். பதினாறு வயதிலிருந்து அடுத்தவன் அசிங்கத்தை அள்ளிக் குடும்பத்தை நிமிர்த்திய மனிதர்.

சாப்பாடு முடிந்ததும் மிட்ஸி எழுந்து போய் ஒரு ஸ்வெட்டரை எடுத்து வந்தாள். ஒரு காலத்தில் கருநீலமாக இருந்திருக்கும். இரண்டு முழங்கையிலும் ஓட்டை, வலதுபக்க ஓட்டையில் என் முஷ்டி போகும். ஒரு கைப்பட்டி பிரிந்து தொங்கியது. ஈரநாயும் உப்பும் கலந்த ஒரு வாடை. அதை மொனீக்கின் மடியில் போட்டாள்.

"நாளைக்கு நீ போட்டுக்கோ, மோ."

என் மகளின் கண்களில் நீர் கோத்துக்கொண்டது. வின் அவள் கையைப் பிடித்து அழுத்தினான். அப்புறம்தான் எனக்கு விஷயம் சொன்னார்கள். சுதந்திர தினத்தன்று முனையில் பாய்மரப் படகுப் போட்டி. லாத்ராப் படகில் சுக்கான் பிடிக்கிறவர் இந்த ஸ்வெட்டரைத்தான் போடுவார். வின்னின் கொள்ளுத்தாத்தா போட்டது. வெளியிலிருந்து இந்தக் குடும்பத்துக்கு வந்தவர்களில், மிட்ஸிக்குப் பிறகு என் மகளுக்குத்தான் இது கிடைக்கிறதாம்.

"போட்டுக் காட்டு," என்றான் வின்.

போட்டாள். வலது முழங்கை ஓட்டைக்குள் அவள் தழும்பு பளிச்சென்று தெரிந்தது.

ஏழு வயதில் எங்கள் லாரி ஷெட்டில் சைக்கிள் ஓட்டினாள். தரையில் எண்ணெய் சிந்திக் கிடந்திருக்கிறது. வழுக்கி, உறிஞ்சு குழாயின் இரும்பு வளையத்தில் போய் விழுந்தாள். முழங்கை எலும்பு தெரியக் கிழிந்துவிட்டது. அன்றைக்குப் பார்த்து ஒரு வண்டிகூட ஷெட்டில் இல்லை. நான் அவளைத் தூக்கிக்கொண்டு, செருப்பு கழன்று விழுந்ததுகூடத் தெரியாமல், டாக்டர் வீடுவரை ஓடினேன். சேதி கேட்டு ஓடி வந்த ரோலாண்ட், நாங்கள் தையல் போட்டுத் திரும்புவதற்குள் தரையில் இருந்த ரத்தத்தைக் குழாய்த் தண்ணீர் அடித்துக் கழுவி வைத்திருந்தார். கழுவி முடித்து அங்கேயே உட்கார்ந்து அழுதாராம், வேலைக்காரப் பையன்கள் சொன்னார்கள். வளர்ந்த பிறகு மொனீக் முழங்கை தெரிய உடுத்தியதே குறைவு.

மறுநாள் காலை எல்லோரும் எழுவதற்கு முன் எனக்கு விழிப்பு வந்துவிட்டது. அந்த வீட்டின் மெல்லிய போர்வையில் வேறென்ன வரும்? கீழே வந்தால், ஸ்வெட்டர் கூடத்து ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது.

என் அம்மா எங்களைக் கிழிசலோடு தெருவில் விட்டதே இல்லை. அவளுக்கு மில்லில் அதுதான் வேலை, நெய்த துணியில் இழை விட்டுப்போன இடங்களைச் சரிசெய்வது. வீட்டுக்கு வந்தும் அதையே செய்வாள். கிழிசலோடு போனால் மில்காரி பிள்ளை என்பார்கள் என்று அவளுக்குப் பயம். நாங்கள் மில்காரி பிள்ளைகள்தான். ஆனாலும் அதை எங்கள் துணி ஊருக்குச் சொல்லக் கூடாது என்று பார்த்துக்கொண்டாள். அப்படி வளர்ந்தவள் நான். ஊரே கூடும் நாளில், படம் எடுக்கிற நாளில், என் பெண் முஷ்டி நுழையும் ஓட்டையோடு போய் நிற்பதா? அந்தத் தழும்பைப் பார்த்து ஆளாளுக்குக் கேள்வி கேட்பார்கள், அவள் என்ன சொல்லுவாள்?

என் கைப்பையில் ஊசி எப்போதும் இருக்கும். பிரிந்து தொங்கிய கைப்பட்டியிலிருந்தே நூலை உருவிக்கொண்டேன். சமையலறை ஜன்னலோரம் உட்கார்ந்து இரண்டு முழங்கைக்கும் இழையோட்டினேன். நன்றாகவே வந்தது. மடித்து மேசைமேல் வைத்தபோது, உண்மையைச் சொல்கிறேன், எனக்குப் பெருமையாக இருந்தது. அந்த வீட்டுக்கு வந்து எனக்குத் தெரிந்த ஒரு காரியத்தைச் செய்தாயிற்று என்று நினைத்தேன்.

காலை உணவுக்கு வந்த மிட்ஸி அதைக் கையில் எடுத்தாள். திருப்பிப் பார்த்தாள்.

"அடடா," என்றாள். "எவ்ளோ சிரமப்பட்டிருக்கீங்க! நீங்க ரொம்பக் கெட்டிக்காரங்க, லொரெய்ன்."

"ஒரு சிரமமும் இல்லீங்க. போட்டோ எடுப்பாங்களே, அதான்."

சிப் எட்டிப் பார்த்தார். "அட, கொள்ளுத்தாத்தா ஓட்டையக் காணோமே!" என்று சிரித்தார். அப்புறம் அந்தச் சிரிப்பு பாதியில் நின்றது. புயலில் படகு கவிழப்போன நாளில் துடுப்புக் கொக்கியில் மாட்டிக் கிழிந்ததாம் அந்த வலது முழங்கை. அப்படியே கொள்ளுத்தாத்தா படகைக் கரை சேர்த்தாராம். அதைத் தொட்டுப் பார்த்துத்தான் குழந்தைகள் படகேறுவார்களாம். இதையெல்லாம் வின் எனக்கு மெதுவாக, மன்னிப்புக் கேட்கிற குரலில் சொன்னான்.

"பரவாயில்ல விடு, வின்," என்றாள் மிட்ஸி. "இன்னும் அம்பது வருஷம் போட்டா தானா கிழிஞ்சிடும். காப்பி யாருக்கு வேணும்?"

யாராவது நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும். திட்டினால் நானும் திட்டுவேன், எனக்கென்ன வாய் இல்லையா? அவர்கள் ஆளுக்கொரு காப்பியை எடுத்துக்கொண்டு காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பேசப் போய்விட்டார்கள். மொனீக் மட்டும் என்னைப் பார்க்காமல் ஸ்வெட்டரை எடுத்துக்கொண்டு பின்பக்கமாகப் போனாள்.

கொஞ்ச நேரம் கழித்து அவளைத் தேடிப் போனேன். படகுக் கொட்டகைப் படியில் குனிந்து உட்கார்ந்திருந்தாள். மடியில் ஸ்வெட்டர், கையில் நகம் வெட்டும் சின்னக் கத்தரிக்கோல். நான் ஓட்டிய இழைகளை வெட்டிக்கொண்டிருந்தாள்.

என் நிழல் விழுந்ததும் ஸ்வெட்டரை முதுகுக்குப் பின்னால் மறைத்தாள். சின்ன வயதில் சாக்லேட்டை மறைப்பாளே, அப்படி.

"என்னடி பண்ற?"

"ம்மா, ப்ளீஸ். கோவப்படாத."

"கோவப்படாம? ஊசியில நான் கண்ண வெச்சுட்டு உக்காந்திருந்தேன்."

"தெரியும்மா. நீ அழகாத்தான் பண்ணியிருக்க. அதுதாம்மா பிரச்சன." அழுதுகொண்டே பேசினாள். "இது அவங்க எனக்குக் குடுத்தது. ரெண்டு வருஷமா நான் தப்பாப் பேசிடக் கூடாது, தப்பா சிரிச்சிடக் கூடாதுன்னு பாத்துப் பாத்து... நேத்துதான் மிட்ஸி அவங்களா குடுத்தாங்க. இப்போ நான் இதப் போட்டுட்டுப் போய் நின்னா எல்லாரும் என் முழங்கையத்தான் பாப்பாங்க."

"ஓட்ட இருந்தா பாக்க மாட்டாங்களா?"

"மாட்டாங்கம்மா. ஓட்ட இருந்தா யாரும் பாக்க மாட்டாங்க."

அவள் சொன்னது சரி என்று எனக்கே தெரிந்தது. அந்த ஜனங்களிடம் அப்படி என்னதான் இருக்கிறது என்று முந்தைய நாளிலிருந்து தேடிக்கொண்டிருந்தேன். பணமா? அது எங்களிடம்தான் அதிகம். படிப்பா? என் பெண்ணும் அதே கல்லூரிதான். அவர்கள் ஓட்டைச் சட்டையோடு நடுத்தெருவில் நின்றாலும் இல்லாதப்பட்டவர்கள் என்று யாரும் நினைக்க மாட்டார்கள். அந்தத் தைரியம் அவர்களுக்குப் பிறக்கும்போதே கிடைத்துவிடுகிறது. எங்களுக்கு மடிப்புக் கலையாத கவுனுக்குள்ளும் அது வருவதில்லை. கிழிசல் எங்களிடம் இருந்தால் இல்லாமை, அவர்களிடம் இருந்தால் குடும்பக் கதை. என் பெண் அந்தக் கதைக்குள் போக நினைக்கிறாள், நான் வாசலில் உட்கார்ந்து கதவைத் தைத்துவிட்டேன்.

எனக்கு அவள் மேல் ஆத்திரம் வந்தது. ஓங்கி ஓர் அறை விடலாம் என்றுகூட இருந்தது. ஆனால் அவள் கத்தரித்த இடத்தைப் பார்த்தேன். என் நூலோடு பழைய நூலும் சேர்ந்து அறுந்து, ஓட்டை பெரிதாகிக்கொண்டிருந்தது. பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"கத்திரிய இங்க குடு."

"ம்மா..."

"குடுடி. எந்த இழை என்னுது, எந்த இழை அவங்களுதுன்னு ஒனக்குத் தெரியாது."

என் இழைகளை ஒவ்வொன்றாக நானே உருவினேன். அவள் என் தோளில் சாய்ந்துகொண்டு மூக்கை உறிஞ்சினாள். உருவிய நூலைச் சுருட்டி என் பையில் போட்டுக்கொண்டேன். ஓட்டை பழையபடி ஆனது.

போட்டிக்கு அவள் அதைப் போட்டுக்கொண்டு போனாள். கரையில் மடக்கு நாற்காலிகள் போட்டு எல்லோரும் உட்கார்ந்தோம். மிட்ஸி அவள் முழங்கையைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். தன் கம்பளிப் போர்வையின் ஒரு பாதியை எடுத்து என் முழங்கால் மேல் போர்த்திவிட்டாள். அந்த வீட்டில் எனக்குக் கிடைத்த முதல் நிஜமான மரியாதை அது. என் கையால் என் வேலையைப் பிரித்துக் கொடுத்த பிறகு கிடைத்தது. அதற்கு நான் சந்தோஷப்பட்டேன். சந்தோஷப்பட்டதை நினைத்து என் மேலேயே எனக்கு எரிச்சலாக வந்தது.

லாத்ராப் படகு முதலில் வரவில்லை, கடைசியிலும் வரவில்லை. அதைப் பற்றி யாரும் கவலைப்பட்டதாகவும் தெரியவில்லை. மொனீக் நனைந்துபோய், முகமெல்லாம் சிரிப்பாகக் கரையேறி வந்தாள். பல வருஷமாக அவளை அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. எல்லோரும் 'மோ, மோ' என்று அவளைச் சூழ்ந்துகொண்டார்கள். சிப் அவள் கையைப் பிடித்துக் குலுக்கியவர், ஓட்டைக்குள் பார்த்துவிட்டார்.

"அடேங்கப்பா! இது என்ன பெரிய தழும்பா இருக்கு? குதிரை தள்ளிவிட்டுதா?"

அவர் குறும்பாகக் கேட்கவில்லை. அந்த வீட்டுப் பிள்ளைகளுக்கெல்லாம் தழும்பு வருவது குதிரையால்தான் போலிருக்கிறது. மொனீக்கின் சிரிப்பு ஒரு கணம் நின்றது. நானும் ரோலாண்டும் நாலடி தள்ளித்தான் நின்றுகொண்டிருந்தோம்.

"ஆமா," என்றாள். "அந்த மாதிரிதான்."

"வலிச்சிருக்குமே! நீங்க அப்போ கூட இருந்தீங்களா?" என்று சிப் என் பக்கம் திரும்பினார்.

என் மகள் என்னைப் பார்த்தாள். காலையில் கொட்டகைப் படியில் பார்த்த அதே பார்வை.

"இருந்தேன்," என்றேன். "நான்தான் தூக்கிட்டு ஓடினேன்."

சொன்னதில் பொய் கிடையாது. சிப் தலையை ஆட்டிவிட்டுக் காற்றைப் பற்றிப் பேசத் தொடங்கினார். மொனீக் இடது கையைக் கொண்டுவந்து வலது முழங்கையை மூடிக்கொண்டாள். யார் யாரோ அவளிடம் பேசினார்கள், படம் எடுத்தார்கள். அந்தக் கையை அவள் எடுக்கவே இல்லை. எடுத்த படங்களிலெல்லாம் அப்படித்தான் நிற்கிறாள். குளிருகிறது என்று நினைத்துக்கொள்வார்கள்.

சாயங்காலம் கிளம்பினோம். வண்டி வரைக்கும் வந்து என்னைக் கட்டிக்கொண்டாள். ஏதோ சொல்ல வாயெடுத்தாள்.

"போய் ஈரத்த மாத்து," என்றேன். "சளி பிடிக்கும்."

வழியில் பெட்ரோல் போட நிறுத்திய இடத்தில் ரோலாண்ட் இரண்டு பெரிய சாண்ட்விச் வாங்கி வந்தார். இரண்டு நாள் பசி அவருக்கு. ஆனால் பொட்டலத்தைப் பிரிக்காமல் மடியில் வைத்துக்கொண்டு, சாவியையும் திருகாமல், முன்கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"லொரெய்ன்."

"ம்."

"நம்மகிட்ட எப்போ குதிரை இருந்துச்சு?"

சிரிப்பு வந்துவிட்டது எனக்கு. பையில் கைக்குட்டையைத் தேடினேன். அந்த நீல நூல்தான் கையில் அகப்பட்டது. அதிலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.